திங்கட்கிழமைப் பையில் போகாத கடிதம்

எங்கள் பள்ளி விடுதியில் இப்போது கடித நேரம் கிடையாது. சனிக்கிழமை மாலையில் பையன்கள் வரிசையில் நின்று, ஆளுக்குப் பத்து நிமிடம் வீட்டாரோடு தொலைபேசியில் பேசிக்கொள்கிறார்கள். கடிதங்களைப் படித்துப் பார்ப்பதற்கென்று இருந்த அறைக்கு வேலையில்லாமல் போய்விட்டது. அதைக் கணினி அறையாக மாற்றப்போகிறார்கள். அலமாரியைக் காலி செய்தபோது கிடைத்தது என்று ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு, இப்போதைய காப்பாளர் பிரபு வேப்பம்பட்டில் என் வீட்டைத் தேடி வந்தார்.

"ஆண்டு மலர் போடறோம் சார். நம்ம ஸ்கூல்ல படிச்சு எழுத்தாளர் ஆனவங்கள பத்தி நீங்கதான் எழுதணும். அவங்கள எல்லாம் டவுசர் போட்ட வயசுலயே பாத்தவரு நீங்க ஒருத்தர்தான்" என்றார்.

நோட்டைப் பிரித்தேன். நடுப்பக்கத்தில் ஓர் இன்லண்ட் கடிதம் இருந்தது. நீல நிறம் வெளுத்து, மழைக்கு முந்தைய வானம் போல ஆகியிருந்தது. மடித்திருந்தது, ஒட்டவில்லை.

"போஸ்ட் பண்ண மறந்துட்டாங்க போல" என்று பிரபு சிரித்தார்.

நானும் சிரித்து வைத்தேன். அவர் போன பிறகும் அந்தக் கடிதம் என் மடியிலேயே இருந்தது. அந்த நோட்டை அலமாரியின் மேல்தட்டில், பின்வரிசையில், எவர் கையும் எட்டாதபடி வைத்தவன் நான்தான். கனவில் எத்தனையோ முறை அந்த அறைக்குப் போயிருக்கிறேன். கனவில் அலமாரி எப்போதும் திறந்தே இருக்கும், நோட்டு மட்டும் இருக்காது. மலருக்குக் கொடுக்க இந்தக் கடிதத்தின் கதையைத் தவிர என்னிடம் வேறு கட்டுரை இல்லை.

நான் இதே பள்ளியின் பழைய மாணவன். ஆரணி ஆற்றுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் இந்தச் செங்கல் கட்டடத்துக்கு ஆறாம் வகுப்பில் வந்தேன். பள்ளி அப்போதே நூறு வயதைத் தாண்டியிருந்தது. பிறகு சென்னையில் தமிழ் எம்.ஏ. படித்தேன். படித்து முடித்ததும் துணைக் காப்பாளர் வேலைக்கு இங்கேயே திரும்பி வந்தேன், ஓய்வு பெறும் வரை இருந்தேன். என் கல்வியும் பயிற்சியும் அவ்வளவுதான்.

இந்தப் பள்ளியை அறியாதவர்களுக்குச் சாப்பாட்டுக் கூடத்துப் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிழக்குச் சுவரில் ஒரு தேக்குப் பலகை. இங்கே படித்து, பின்னால் புத்தகம் எழுதியவர்களின் பெயர்கள் அதில் வெள்ளை எழுத்தில் இருக்கும். கலெக்டர் ஆனவருக்கும் டாக்டர் ஆனவருக்கும் அதில் இடமில்லை. தினமும் அதன் அடியில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். உப்புமாவைப் பிசைந்துகொண்டு நிமிர்ந்தால் கண்ணில் படுவது அந்தப் பெயர்கள்தான். பலகையின் கீழ்ப்பாதி காலியாக இருந்தது. மாணவனாக இருந்த ஏழு வருடமும், காப்பாளனாக இருந்த முப்பத்திரண்டு வருடமும், அந்தக் காலியிடத்தில் என் பெயரை எழுதி எழுதிப் பார்த்திருக்கிறேன். இன்றுவரை அது அங்கே ஏறவில்லை.

கடித நேரம் ஞாயிற்றுக்கிழமைகளில். ஆராதனை முடிந்து, காலை உணவு முடிந்து, பையன்கள் எல்லோரும் பெரிய வகுப்பறையில் உட்கார்ந்து வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதியாக வேண்டும். எழுதியதை ஒட்டாமல் ஒரு மரத்தட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். மதியத்துக்குள் நாங்கள் அவற்றைப் படித்து, மூலையில் நீலப் பென்சிலால் கையெழுத்திட்டு, பசை தடவி ஒட்டி, சாக்குப் பையில் போடுவோம். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பை தபால் நிலையத்துக்குப் போகும்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் தலைமைக் காப்பாளர் ஞானமுத்து ஐயா. கடிதத்தைத் தொடுமுன் கை கழுவிக்கொள்வார். நின்றுகொண்டேதான் படிப்பார். முதல் நாள் நான் நாற்காலியை இழுத்தபோது, "அடுத்தவன் கடிதத்தை உட்கார்ந்து படிக்காதே தம்பி. உட்கார்ந்தால் அது உன் கடிதம் மாதிரி ஆகிவிடும்" என்றார். படித்ததைப் பற்றி அவர் எந்தப் பையனிடமும் பேசியதில்லை. ஒருவன் 'சோற்றில் கல் இருக்கிறது' என்று எழுதியிருந்தால், அடுத்த நாள் சமையற்கட்டில் நின்று அரிசி களைவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். கடிதம் அப்படியே போகும்.

அவருக்கு இருந்த ஒரே பலவீனம் அந்த நோட்டு. பலகையில் இருக்கும் பெயர்கள் எல்லாம் ஒரு காலத்தில் இந்தத் தட்டில் கடிதம் வைத்த பையன்கள்தானே? அதனால் எந்தக் கடிதத்திலாவது நல்ல வாக்கியம் கண்ணில் பட்டால், அதை மட்டும் பெயர் போடாமல் நோட்டில் எழுதிக்கொள்வார். என்னையும் எழுதச் சொல்லி, நோட்டை என் பொறுப்பில் விட்டார்.

"ஒன்றுதான் எடுக்கலாம். இரண்டாவது வாக்கியம் எடுத்தால் திருட்டு" என்றார்.

அது எந்தப் பள்ளியிலும் இல்லாத வழக்கம் என்று நினைக்கிறேன். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. ஞாயிறு மதியங்களில், சன்னல் வழியே ஆற்றுக் காற்று வர, பசை வாசனையில், எங்கேயோ இருக்கும் அம்மாக்களுக்கு எழுதிய வார்த்தைகள் என் கைகளில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்று தெரியாத ஒரு நிலை அது.

அந்த வருடம் எட்டாம் வகுப்பில் ஏகாம்பரம் என்று ஒரு பையன் இருந்தான். பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பம். எழுத வராத பையன்களுக்கு என்ன எழுதுவது என்று சொல்லிக்கொடுப்பான். நான் வராந்தாவில் நடந்துகொண்டே அவர்கள் பேச்சைக் கேட்பேன்.

"டேய் ஏகா, எங்கம்மாவுக்கு இன்னாடா எழுதறது? நல்லா கீறேன்னு எழுதிட்டேன். அப்பால ஒண்ணும் வரல."

"மாடு கன்னு போட்ச்சான்னு கேளு."

"எங்க ஊட்டுல மாடே இல்லடா."

"இல்லன்னா இன்னா? கேளு. உங்கம்மா சிரிக்குமில்ல?"

சொல்லிக்கொடுக்கலாம், அடுத்தவனுக்காகத் தன் கையால் எழுதக் கூடாது என்பது விதி.

அவனுடைய சிநேகிதன் ஆசீர். தந்தை இல்லை. தாய் எஸ்தர், பள்ளியிலிருந்து ஆறு கிலோமீட்டரில் ஒரு கிராமத்தில் வயல் வேலை செய்தார். மாதத்தின் முதல் ஞாயிறு பெற்றோர் வந்து பார்க்கலாம். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை எஸ்தர் வந்து, குவைத்தில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போகிறேன் என்று சொன்னார். ஆசீர் எழுந்து போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டான். குட்டையான செங்கல் கால்களின் மேல் நிற்கிற இரும்புத் தொட்டி அது. தாய் தொட்டிக்கு இந்தப் பக்கம், மகன் அந்தப் பக்கம். "வாடா நைனா, பேசுடா" என்று கூப்பிட்டுப் பார்த்தார். மணி அடிக்கும் வரை நின்றுவிட்டுப் போனார்.

இரண்டு வாரம் கழித்துத் தட்டில் ஆசீரின் கடிதம் இருந்தது. எழுத்து ஏகாம்பரத்தின் எழுத்து. இப்போது அதைப் பார்த்தே எழுதுகிறேன்:

'அம்மாவுக்கு ஆசீர் எழுதுவது. அன்றைக்கு நான் தொட்டிக்குப் பின்னால் நின்றபோது, அதன் அடியில் உன் கால் மட்டும் தெரிந்தது. கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தாய். என்ன காயம் என்று கேட்க வெளியே வரலாம் என்று இருந்தேன். அதற்குள் மணி அடித்துவிட்டது. எங்கள் ஏரியில் வெளிநாட்டுப் பறவைகள் கிளம்பிப் போகும்போது ஏரி கோபித்துக்கொள்வதில்லை. அவை திரும்பி வரும் என்று அதற்குத் தெரியும். எனக்கு அது இன்னும் தெரியவில்லை. ஆகையால் நீ போவதற்கு முன் வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்லிவிட்டுப் போ. வார்டன் சார் விடுவார். நான் தொட்டிக்கு முன்னால் நிற்பேன். ஒன்றும் வாங்கி வராதே. காலைக் காட்டிவிட்டுப் போனால் போதும்.'

அந்த ஞாயிற்றுக்குப் பிறகு வரும் செவ்வாய்க்கிழமை அவர் விமானம் ஏற வேண்டும். அது எனக்குத் தெரியும். ஆசீரே சொல்லியிருந்தான்.

கடிதத்தை நின்றுகொண்டு படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். எந்த வாக்கியத்தை எடுப்பது என்று தெரியவில்லை. எல்லாமே வேண்டும்போல் இருந்தது. அப்போது நான் ஒரு பத்திரிகைக்குக் கதை எழுதிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு தாயும் மகனும் பிரிகிற இடம் உயிரில்லாமல் கிடந்தது. தொட்டிக்கு அடியில் தெரியும் கால் அந்த இடத்தில் எப்படி உட்காரும் என்று உடனே தெரிந்துவிட்டது. முழுக் கடிதத்தையும் பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்று நோட்டுக்குள் வைத்தேன்.

மறந்துவிட்டேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் மறக்கவில்லை. திங்கள் காலை பையின் வாயைக் கட்டும்போது, அதில் ஒரு கடிதம் குறைகிறது என்று எனக்குத் தெரியும். இன்னும் பாதி எழுத வேண்டியிருந்தது. நாளைக்குத் தனியாகத் தபாலில் சேர்க்கலாம் என்று நினைத்தேன். "எல்லாம் போட்டாயிற்றா?" என்று ஐயா கேட்டார். "ஆயிற்று ஐயா" என்றேன்.

அன்று மதியம் மழை பிடித்தது. செவ்வாய்க்கிழமை தரைப்பாலம் மூழ்கியது. தபால் போகவில்லை, வரவில்லை. மைதானத்தில் முழங்கால் தண்ணீர். வகுப்புகள் இல்லாமல் பையன்கள் வராந்தாவில் காகிதக் கப்பல் விட்டுக்கொண்டிருந்தார்கள். பள்ளியே ஆற்றில் மெல்ல நகர்ந்து போவதுபோல் இருந்தது. அந்த மழையில் உட்கார்ந்து என் கதையை எழுதி முடித்தேன். எழுதியவற்றில் அதுதான் நன்றாக வந்தது என்று தோன்றிற்று.

வெள்ளிக்கிழமை தண்ணீர் வடிந்தது. ஆறு கிலோமீட்டர். சைக்கிள் இருந்தது. போய்க் கடிதத்தைக் கையில் கொடுத்திருக்கலாம். இத்தனை நாள் ஏன் வைத்திருந்தேன் என்று அந்த அம்மாள் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தேன். விஷயம் ஐயாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்றும் யோசித்தேன். பிறகு எனக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்தது. இது ஏகாம்பரத்தின் கையெழுத்து, விதிப்படி இது போகவே கூடாத கடிதம். அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டு சனிக்கிழமையைக் கடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆசீர் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு தொட்டிக்கு முன்னால் நின்றான். ஏகாம்பரம் கூட நின்றான். மதிய உணவு மணி அடித்தும் பையன்கள் இருவரும் சாப்பிட வரவில்லை. மூன்று மணிக்கு ஆசீர் என் அறை வாசலில் வந்து நின்றான். நான் பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"சார், என் லெட்டர் போச்சா சார்?"

தலை நிமிராமல் சொன்னேன்: "போச்சே."

என் வேலைக் காலம் முழுவதும் எடுத்துப் பார்த்தால், நான் பேசியவற்றில் இந்த ஒரு சொல்தான் மிஞ்சி நிற்கிறது. அன்றைக்கு மாலை மூன்று மணிக்குக்கூட நேரம் இருந்தது. செவ்வாய்க்கிழமை வரை இருந்தது.

அதன் பிறகு ஆசீர் கடித நேரத்தில் வெற்றுத்தாள்தான் வைத்தான். மேலே குவைத் முகவரி சரியாக இருக்கும். உள்ளே ஓர் எழுத்துக்கூட இருக்காது. அதை என்ன செய்வது என்று ஐயாவிடம் கேட்டேன். அவர் நெடுநேரம் அந்தத் தாளைப் பார்த்தார். "அவன் சொல்ல வந்தது இதுதான் என்றால் இதுதான் போகவேண்டும்" என்றார். மூலையில் கையெழுத்துப் போட்டு, ஒட்டி அனுப்பினேன். இரண்டு வருடம் அப்படி அனுப்பினேன். என் கதையைப் பத்திரிகை திருப்பி அனுப்பிவிட்டது. ஐயா ஓய்வு பெற்றுப் போய், காலமும் ஆனார். அவரிடமும் நான் சொல்லவில்லை.

ஏகாம்பரம் எழுத்தாளர் ஆனார். போன வருடம் அவர் பெயரைப் பலகையில் எழுதினார்கள். என்னையும் அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். மேடையில் அவர் பேசியது இது: "நான் எழுதினதுலயே நல்லது ஒரு லெட்டர். ஒரு பிரெண்டோட அம்மாவ கூப்பிட்டு எழுதினேன். அந்தம்மா வரல. எழுத்துக்கு அவ்ளோதான் பலம்னு பதிமூணு வயசுலயே தெரிஞ்சுபோச்சு. அப்புறமும் ஏன் எழுதறேன்னு கேட்டா, யாராவது ஒருத்தராவது வர்றாங்களான்னு பாக்கத்தான்." பிறகு என்னைக் காட்டி, "என் முதல் வாசகர் எங்க வார்டன் சார்தான்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் எழுந்து கும்பிட்டேன். அப்படியும் நடந்தது.

பிரபு நோட்டைக் கொடுத்துவிட்டுப் போன நாலாம் நாள் ஏகாம்பரத்துக்குத் தொலைபேசி செய்தேன். ஆசீரிடம் முதலில் சொல்லத் தைரியம் வராததால்தான் அவரிடம் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார். 

"அப்ப அந்த லெட்டர் தோக்கல, இல்ல சார்?" என்றார் கடைசியில். குரல் சிறுபையன் குரலாக இருந்தது. பிறகு, "என்கிட்ட ஏன் சார் சொல்றீங்க? அவன்கிட்ட கொண்டு போய்க் கொடுங்க. அந்தம்மா இன்னும் கீது" என்று முகவரி சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஆசீர் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பாலையில் மேற்பார்வையாளர். வெள்ளிக்கிழமை அவருக்கு வார விடுப்பு. வேப்பம்பட்டில் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் மாறி, சன்னலோரம் உட்கார்ந்தேன். பொன்னேரி தாண்டியதும் ஆற்றுப் பக்கம் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டேன். ரயிலின் ஆட்டத்தில், அந்த மழை வாரத்துக்குள் திரும்பிப் போய்க்கொண்டிருப்பதாகவும், இறங்கும்போது அது பழைய வெள்ளிக்கிழமையாக இருக்கும் என்றும் ஒரு மயக்கம் இருந்தது.

சிப்காட்டுக்குப் பின்னால் சின்ன மாடி வீடு. கதவைத் திறந்தவருக்கு ஐம்பது வயதை ஒட்டி இருக்கும். காதோரம் நரைத்திருந்தது.

"வார்டன் சாரா! இன்னா சார், இம்மாந்தூரம்? ஒரு போன் போட்டிருந்தா நானே வந்துருப்பேனே!"

உள்ளே கட்டிலில் எஸ்தர் அம்மாள் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"யாருடா நைனா?"

"எங்க ஆஸ்டல் வார்டன் சாரும்மா."

"அவரா? இவன் கொடுத்த பேஜாருக்கு உங்களுக்கு ஒரு மாலதான் போடணும் சார். குந்துங்க. நாஷ்டா துன்னீங்களா?"

நான் உட்காரவில்லை. கடிதத்தை எடுத்து ஆசீரிடம் கொடுத்தேன். அவரும் நின்றுகொண்டே படித்தார். பாதியில் சிரித்தார்.

"ஏரி, பறவ எல்லாம் ஏகா போட்டது சார். கால் துணி நான் சொன்னது." பிறகு தாளைத் திருப்பி, ஒட்டாத ஓரத்தைத் தடவிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "இது எங்க கெடச்சுது?"

"கிடைக்கவில்லை. என்னிடம்தான் இருந்தது" என்றேன். கதைக்காக எடுத்து வைத்ததிலிருந்து, மை ஊற்றிக்கொண்டே சொன்ன பொய் வரை எதையும் விடாமல் சொன்னேன். அழக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு போயிருந்தேன். அழவில்லை.

"போச்சான்னு கேட்டேன். போச்சேன்னு சொன்னீங்க" என்றார் ஆசீர். "பதினோரு வருசம் அம்மா அங்கயே இருந்துச்சு சார். அது ஊருக்குத் திரும்பி வந்து எறங்கினப்போகூட நான் ஏர்போர்ட்டுக்குப் போகல. ஒரே ஊட்டுல இருந்துகினு, இன்னி வரைக்கும் ஏன் வரலன்னு அதுகிட்ட கேட்டதில்ல. அதுவும் ஏன் வெத்துத்தாள அனுப்பினன்னு என்னக் கேட்டதில்ல. உங்க மேல கோவம் இல்லன்னு சொன்னா அது பொய்யி சார்."

"சொல்ல வேண்டாம்" என்றேன்.

"இன்னாடா அங்க குசுகுசுன்னு? இன்னா எழுதிக்குது அதுல? படி" என்றார் எஸ்தர் அம்மாள்.

ஆசீர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பையனைப்போல நிறுத்தி நிறுத்திப் படித்தார். அம்மாளின் கையில் பூண்டு அப்படியே நின்றது. கால் துணி வந்த இடத்தில் அவர் வலது காலை நீட்டிப் பார்த்துக்கொண்டார். கட்டைவிரலில் ஒரு வெளுத்த தழும்பு இருந்தது.

"அறுப்புல அருவா பட்டது. நீ பாத்தியாடா அத?"

"பாத்தேன்."

"உன் காலும் எனக்குத் தெரிஞ்சிது. தொட்டிக்கு அடியில ரெண்டு காலும் தெரிஞ்சிது. அதனாலதான் மணி அடிக்கிற வரைக்கும் நவுராம நின்னேன்."

ஆசீர் தலையைக் குனிந்துகொண்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடலாமா என்று வாசலைப் பார்த்தேன்.

"சார்" என்று அம்மாள் கூப்பிட்டார். "அந்தத் தொட்டி இன்னும் கீதா?"

"இருக்கிறது அம்மா. பழையதாகிவிட்டது. இருக்கிறது."

"ஞாயித்துக்கெழம வரச் சொல்லித்தானே எழுதிக்குது?"

"ஆமாம்."

"இன்னிக்கு இன்னா கெழம?"

"வெள்ளி" என்றேன்.

அவர் மகனின் முழங்காலைத் தட்டினார்.

"அப்ப இன்னும் ரெண்டு நாளு கீதேடா."